இறக்கை மேல் நடந்த வீரர்

கொல்லிமலை விளிம்பில் நின்று கீழே பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். ஓமர் லாக்லியரோ பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் நடந்தார்!

அமெரிக்காவில், டெக்சாஸ் மாகாணத்தில் 1891-ல் பிறந்தவர். தச்சு வேலை செய்தவர். 1917-ல் ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்தார். நடுவானில் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் புகழ் பெற்றார். 1919-ல் சினிமாவும் அவரை அழைத்துக்கொண்டது.

இரண்டாவது படம் 'தி ஸ்கைவேமேன்'. இரவில் விமானம் சுழன்று விழுவதாகக் காட்சி. பகலில் எடுத்து இரவாகக் காட்டலாம் என்றார்கள். லாக்லியர் பிடிவாதமாக மறுத்துவிட்டார்.

1920 ஆகஸ்டு 2. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். விமானம் கீழே நெருங்கியதும் சர்ச் லைட்டுகளை அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அணைக்கவில்லை! கண் கூசியது. விமானம் தரையில் மோதியது. லாக்லியரும் துணைவர் எலியட்டும் மாண்டனர்.

அந்த விபத்தையும் சேர்த்தே படத்தை வெளியிட்டார்கள்.