கேட்டுக் கட்டிய வீடுகள்: மினெற் டி சில்வா அம்மையாரின் வாழ்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை எங்கள் மக்கள் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் கரை அது. அதற்கு எதிரே கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. போரதீவுப் பற்றைச் சேர்ந்த வெல்லாவெளி படுவான்கரை ஊர்களுள் ஒன்று. வயல் சூழ்ந்த இவ்வூரிற் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஆசிரியத் தொழிலிற் கழித்த நான் கட்டடக்கலை கற்றவன் அல்லன். அவ்வாறிருந்தும், கண்டி மாநகரிற் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஒரு கட்டடக் கலைஞரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் என் தாயாரின் அடுக்களையே. அதனை முதலிற் கூறிவிடுதல் முறையாகும்.

எங்கள் நாட்டு வழக்கில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய்வழிக் குடிமுறை நிலவும் மட்டக்களப்பில், மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே மகளுக்கு ஒப்புவித்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே மாமியாரும் மருமகனும் ஒரே வளவில் நெடுங்காலம் வாழவேண்டியவர்கள். என் தாயார் அத்தானின் முன்னே வந்து நின்று பேசியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. சொல்லவேண்டியதை அடுக்களைக் கதவின் பின்னே நின்று அக்காவிடம் சொல்வார். அத்தானும் விறாந்தையில் இருந்தபடியே அக்காவுக்கு மறுமொழி கூறுவார். இதனைப் பகை என்று எண்ணுவது தவறு. ஒருவர் மற்றவர்க்கு அளித்த மரியாதை அது. எங்கள் பழைய வீடு அந்த மரியாதைக்கு இடம் வைத்திருந்தது. முன்னே விறாந்தை, நடுவே அறைகள், பின்னே தனியாக அடுக்களை, அங்கிருந்து கிணற்றடிக்கு ஒரு வழி. எல்லாவற்றையும் சுற்றிக் கிடுகு வேலி.

2007ஆம் ஆண்டு போரின் காரணமாகப் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தோம். மீண்டு வந்தபோது அவ்வீடு இருக்கவில்லை. சில காலத்தின் பின்னர் ஒரு திட்டத்தின்கீழ்ப் புதுவீடு கிடைத்தது. படிவத்தை நிரப்பியவன் நான். வரைபடத்தைப் பார்த்துத் தலையசைத்தவனும் நானே. படித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு சொல் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு உறுதியாகவே அமைந்தது. ஆனால், வாசல் ஒன்றே. அடுக்களை கூடத்தை ஒட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அத்தான் கூடத்தில் இருக்கும் வேளைகளில் அவரைக் கடந்தன்றி அம்மாவால் வெளியே போகவும் இயலாது, உள்ளே வரவும் இயலாது. ஒரு மாதம் செல்லுமுன் அவர் வீட்டின் பின்புறத்தில் கிடுகினால் ஒரு குடில் வேய்வித்து, அங்கே அடுப்பை மூட்டிக்கொண்டார். தம் இறுதிநாள் வரை அங்கேயே உறங்கினார். ஊரார் அதனைக் கிழவியின் பிடிவாதம் என்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். அவர் மறைந்த பின்னரே மினெற் டி சில்வா அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படித்தபோது, பிடிவாதம் யாருடையது என்பது விளங்கிற்று.

பெற்றோரும் பிறப்பும்

மினெற் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் கண்டியிற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா வழக்கறிஞர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். பின்னாளிற் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். சிங்களப் பௌத்தர். தாயார் அக்னெஸ் நெல், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். இருவேறு பழக்கங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எங்ஙனம் என்பதை அக்குழந்தை பிறந்த வீட்டிலேயே கண்டு வளர்ந்தது எனலாம்.

தாயாரைப் பற்றி ஒரு செய்தியை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த காலத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி அமைந்த சங்கத்தின் செயலாளராக அக்னெஸ் அம்மையார் இருந்தார். அக்குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமை வேண்டுமா என்ற வினா எழுந்தது. அவர்களும் பெண்களே என்ற முறையில், வேண்டும் என்றே அவர் விடையளித்தார். 1931ஆம் ஆண்டு இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். யாரைப் பற்றிய முடிவோ அவரையும் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்னும் இக்கொள்கையே, பின்னர் மகளின் தொழிலில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது.

பம்பாயும் இலண்டனும்

கட்டடக்கலை பயில விரும்பிய மினெற் பம்பாய்க்குச் சென்றார். அங்கே சர் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் பயின்றார். காந்தியடிகளின் விடுதலையைக் கோரி நடந்த ஊர்வலத்திற் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் மீண்டும் சேர்ந்திருக்கலாம், அவர் எழுதவில்லை. பின்னர், செர்மனியிலிருந்து வந்து மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக விளங்கிய ஒற்றோ கோனிக்ஸ்பேர்கரிடம் பணியாற்றித் தொழிலைக் கற்றார். 1946ஆம் ஆண்டு பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்த் முதலியோர் மார்க் என்னும் கலை இதழைத் தொடங்கியபோது, மினெற்றும் அவருடைய தமக்கையார் அனிலும் அம்முயற்சியிற் பங்குகொண்டனர்.

போர் ஓய்ந்ததும் இலண்டன் சென்று கல்வியை நிறைவு செய்தார். 1948ஆம் ஆண்டு பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்புரிமை பெற்றார். அக்கழகத்தில் அவ்வுரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. 1947இல் நடந்த நவீன கட்டடக்கலைப் பேரவையின் மாநாட்டிலும் கலந்துகொண்டார். பிரான்சியக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயுடன் அவர் கொண்ட நட்பு நெடுங்காலம் நிலைத்தது.

லெ கொர்பூசியே அந்நாட்களில் ஓர் அளவுமுறையை வகுத்துக்கொண்டிருந்தார். ஆறடி உயரமுள்ள ஓர் ஆணின் உடலை அடிப்படையாகக் கொண்டு, கதவும் கூரையும் இருக்கையும் உலகெங்கும் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்று காட்டுவது அது. அறிவுக்கு வியப்பூட்டும் முயற்சியே. ஆயினும் என் தாயார் ஐந்தடிக்கும் குறைந்தவர். அவர் நிலத்தில் அமர்ந்து சமைத்தவர். அந்த ஆறடி மனிதனுக்கு மருமகன் இருந்தானா, அவன் முன் எழுந்து செல்லக் கூச்சம் இருந்ததா என்பதை எந்த அளவுகோலும் கூறுவதில்லை. அத்தகைய பெருங்கலைஞரின் நட்பைப் பெற்றும், மினெற் அம்மையார் அவருடைய அளவுகோலைச் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. இதுவே அவரது பெருமை.

கண்டியில் முதல் வீடு

இலங்கை சுதந்திரம் பெற்றதை ஒட்டிய நாட்களில் அம்மையார் கண்டிக்கு மீண்டார். தந்தையாரின் வீடாகிய சென். ஜோர்ஜிலேயே தம் அலுவலகத்தை அமைத்துக்கொண்டார். 1949இல் தொடங்கி 1951இல் நிறைவெய்திய கருணாரத்ன இல்லம் அவருடைய முதற் படைப்பு. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்கு இசையத் தளங்களை ஏற்றியும் இறக்கியும் அமைத்தார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் அதில் உண்டு. அவற்றோடு தும்பறைப் பாய் நெய்வோர், அரக்கு வேலை செய்வோர், சுடுமண் ஓடு வனைவோர் ஆகியோரின் கைவண்ணமும் உண்டு. ஓவியர் ஜோர்ஜ் கீற் அங்கே சுவரோவியம் தீட்டினார். பெண்ணொருத்தி வேலைத்தளத்தில் நின்று கட்டளையிடுவதைக் கண்டு பழகாத காலம் அது. அதனால் அவர் பட்ட இடையூறுகள் பல.

தம் முறையை அவர் நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று பெயரிட்டு எழுதினார். மேனாட்டு அறிஞர்கள் இக்கருத்துக்கு ஒரு கோட்பாட்டுப் பெயர் சூட்டியது 1980களின் தொடக்கத்திலேயே. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டி மலைச்சரிவில் அது வீடாகவே நின்றது. கொழும்பில் 1950களில் அவர் கட்டிய பீரிஸ் இல்லமோ தூண்களின்மேல் உயர்ந்து நிற்பது. ஆயினும் அதன் நடுவே பழைய வீடுகளின் முற்றத்தைக் காணலாம்.

வட்டப்புளுவ

அம்மையாரின் பணிகளுள் என் உள்ளத்தைத் தொட்டது 1950களின் பிற்பகுதியிற் கண்டியை அடுத்த வட்டப்புளுவவில் அமைந்த வீட்டுத் திட்டமே. அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தவர். வருவாயிலும் ஏற்றத்தாழ்வு உடையவர்கள். இத்தகைய திட்டத்துக்கு ஒரே வரைபடத்தை வரைந்து 250 முறை கட்டிவிடுவதே எளிய வழி. அம்மையார் அவ்வழியை ஏற்கவில்லை. குடிவரப் போகின்றவர்களையே நாடி, வினாக்கொத்து ஒன்றை அவர்கள் கையிற் கொடுத்தார். அவர்களுடைய வாழ்க்கைமுறை, வழக்கங்கள், தேவைகள், பொருள்வசதி ஆகியவற்றை அவர்கள் வாயிலாகவே அறிந்தார். அவ்விடைகளைக் கொண்டு சில வகை வீடுகளை வகுத்து, குடும்பத்துக்கேற்ப அவற்றை மாற்றியமைக்க இடமளித்தார். நிலத்தின் சரிவையும் நின்ற மரங்களையும் இயன்றவரை காத்தார்.

இன்று இது பெரிய செய்தியாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். விருந்தினர் எதுவரை வரலாம், பெண்கள் எங்கே தடையின்றி இருக்கலாம், வழிபாட்டுக்குரிய இடம் எது, அடுப்புக்கு அருகே யார் வரலாம் என்பனவற்றுக்கு ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. அவ்விடைகள் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. நடையிலும் இருப்பிலும் வாழ்கின்றன. எட்வேட் ஹோல் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். நெருங்கியோர் ஒன்றரை அடிக்குள் வரலாம், நண்பர் நான்கு அடிக்குள் நிற்பர், அலுவல் பேசுவோர் பன்னிரண்டு அடிவரை விலகியிருப்பர் என்று தம் நாட்டவரிடையே கண்டவற்றை அளந்து கூறினார். பிற பண்பாடுகளில் அளவுகள் வேறுபடும் என்பதையும் வலியுறுத்தினார். அந்நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே, அளவுகோலுக்குப் பதிலாக வினாவை எடுத்துச் சென்றவர் நம் நாட்டுப் பெண்மணி.

பிற்காலம்

இத்தகையவரின் முதுமை இனிதாக அமைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. காலப்போக்கில் வேலைகள் குறைந்தன. அவருக்குப் பின் வந்த ஆண் கலைஞர்களின் பெயர் உலகெங்கும் பரவ, அவருடைய பெயர் மங்கிற்று. 1970களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலையைக் கற்பித்தார். நாடு திரும்பி 1980களின் தொடக்கத்திற் கண்டிக் கலைமன்றத்தை அமைத்தார். 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் தங்கப்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. காலங் கடந்த சிறப்பு. 1998 நவம்பர் 24ஆம் நாள், வறுமையும் தனிமையும் சூழ, தம் எண்பதாவது வயதிற் கண்டியிற் காலமானார். அவர் கட்டிய வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் எஞ்சியுள்ளது.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகளில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கிற்று. அதன்பின் எத்தனையோ வீடுகள் கட்டப்பட்டன. பெண்வழியாக வீடு இறங்கும் இக்கரையில், குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே பல வீடுகளின் உரிமை எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. வட்டப்புளுவவின் வினாக்கொத்து நம் நாட்டிலேயே இருந்தும் நாம் அதனை மறந்துவிட்டோம். பிறரை மட்டும் குறை கூறி நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டுப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

இப்போது அக்காவின் பேத்திக்கு மணம் பேசியிருக்கிறார்கள். வழக்கப்படி அவளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும். மேசனை அழைக்குமுன், நான் அக்காவையும் பேத்தியையும் விறாந்தையில் இருத்தி, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அக்கா தன் தாயைப் போலவே, அடுக்களைக்குப் பின்வழி வேண்டும் என்றாள். பேத்தியின் விடையோ வேறாயிருந்தது. வரப்போகின்றவனோடு அவள் நாள்தோறும் தொலைபேசியிற் பேசுகிறாள். பாட்டி அவனிடமிருந்து ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை என்பது அவள் எண்ணம். அவளுக்கு வேண்டியது உள்ளிருந்து தாழிட்டுப் படிக்கக்கூடிய ஓர் அறை. பண்பாடு என்று நான் எண்ணியிருந்தது ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறையில் மாறியிருந்தது. கேளாதிருந்தால், இம்முறை பழைமையின் பெயரால் அதே பிழையைச் செய்திருப்பேன்.

இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பின்வழியும் உண்டு, தாழிடும் அறையும் உண்டு. அம்மாவின் கிடுகுக் குடிலை என்ன செய்வது என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் இருவரும் ஒரே விடை கூறினர். வரும் மாரிக்கு முன் அதற்குப் புதுக்கிடுகு வேயவேண்டும்.