தூய பாத்திரம்



வீட்டுக்கு வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், கையில் எடுக்கும் பாத்திரம் வெள்ளியா பித்தளையா என்று நாம் ஆராய்வதில்லை. கழுவியிருக்கிறதா என்றே பார்க்கிறோம். இறைவனும் தம் பணிக்கு மனிதரைத் தெரிந்துகொள்ளும்போது அவ்வாறே பார்க்கிறார். இலங்கையின் அப்போஸ்தலராகிய புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்த அவர், 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஏழைகளைப் போல் வாழ விரும்பி வெறுங்காலுடன் நடக்கலானார். மறு ஆண்டில் தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுதிக் கொடுத்தார். குருக்களின்றித் தவித்த இலங்கை மக்களுக்குப் பணியாற்ற 1681இல் விரும்பினார். திருச்சபை அதிகாரிகளோ அவரைக் கனராவுக்கு அனுப்பினர். முணுமுணுக்காமல் சென்றார். தம் புனித ஆசையையும் கீழ்ப்படிதலுக்கு உட்படுத்திய அந்த உள்ளத்தில் சுயவிருப்பம் என்னும் மாசு தங்கவில்லை.

1687இல், கூலியாளின் கோலத்தில், யாழ்ப்பாணத்தை அடைந்தார். ஒல்லாந்தரின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கு இடமில்லாதிருந்த காலம் அது. வயிற்றுளைவு நோயால் உடல் நலிந்த நிலையிலும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கியிருந்து, இருளின் மறைவில் திருப்பலி நிறைவேற்றினார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று பழிசுமத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். ஐயத்தோடு அவரைக் கண்காணித்தவர்கள், அவரிடத்தில் செபத்தையும் சாந்தத்தையும் அன்றி வேறொன்றையும் காணவில்லை. நாளடைவில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நல்லெண்ணத்தையும் பெற்றார்.

1697இல் கண்டியில் வைசூரி நோய் பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களைத் தேடிச் சென்றார். கைவிடப்பட்ட வீடுகளில் அவர்களைத் தங்கவைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கர், பௌத்தர் என்று வேறுபாடு பாராட்டவில்லை.

அன்பானவர்களே, சற்று நின்று சிந்தியுங்கள். தூய்மை என்றதும் அழுக்கிலிருந்து ஒதுங்கி நிற்பதையே நாம் எண்ணுகிறோம். சீழ் வடியும் உடல்களை ஏந்திய அந்தக் கைகளைவிடத் தூய கைகள் அந்நாளில் கண்டியில் இருந்திருக்குமா? உள்ளத்தில் தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாததாலேயே அவர் எவரையும் தொட அஞ்சவில்லை. ஆயர் பதவி தேடி வந்தபோதும் அதனை ஏற்காது எளிய குருவாகவே தொடர்ந்தார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்து, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நாமும் பணிசெய்கிறோம். மறைக்கல்வி கற்பிக்கிறோம், பாடற்குழுவில் பாடுகிறோம், பங்குச் சபைகளில் பொறுப்பேற்கிறோம். பெயர் அறிவிக்கப்படாதபோது மனம் நோகிறதா? மற்றொருவர் தெரிவு செய்யப்பட்டபோது பொறாமை எழுகிறதா? வெளியே துலக்கி உள்ளே கழுவாத பாத்திரத்தில் வார்க்கப்படும் நீரை எவர் பருகுவார்? பலிபீடத்தில் நிற்கும் குருவாகிய நானும் இக்கேள்விக்கு விலக்கானவன் அல்லன்.

ஆயினும் மனம் தளர வேண்டாம். அழுக்கடைந்த பாத்திரத்தை எவரும் வீசிவிடுவதில்லை. கழுவி மீண்டும் எடுத்துக்கொள்கிறோம். நம்மைக் கழுவும் ஊற்றாக ஒப்புரவு அருளடையாளம் காத்திருக்கிறது. இந்த வாரமே குடும்பமாக அதனை நாடிச் செல்வோம். பின்னர், நம் அயலில் எவரும் நெருங்கத் தயங்கும் ஒரு நோயாளியின் வாசலுக்குச் செல்வோம்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.