ஃபர்ஸ்ட் கியரில் ஏன் அந்த 'டக்' சத்தம்? பைக்கில் கிளட்ச் லீவரையே தூக்கிய சொய்சிரோ ஹோண்டாவின் கதை

சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டி நியூட்ரலில் நிற்கிறது. 5, 4, 3... எண்கள் குறைகின்றன. இடது கையால் கிளட்ச்சைப் பிடித்து, இடது காலால் லீவரை அமுக்கினால் 'டக்'னு ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்கு குலுக்குது. சில நேரம் கியரே விழாது. பின்னாடி பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார். பதற்றத்தில் கிளட்ச்சை படக்குன்னு விட்டால், அவ்ளோதான், வண்டி ஆஃப்!

பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட யாருக்கும் இது புதுசு இல்லை. பெரும்பாலும் நாம் நம்மையேதான் திட்டிக்கொள்வோம். ஆனால், இது ஓட்டுறவரின் தப்பு இல்லை, வண்டி செய்பவர் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்று எடுத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். ஒரு முறை முயன்றார், சரியாக வரவில்லை. 9 வருடம் கழித்து அவரது நிறுவனம் அதை முடித்துக் காட்டியது. அவர்தான் சொய்சிரோ ஹோண்டா.

முதலில், அந்த சத்தம் எங்கிருந்து வருது?

கியர் பாக்ஸுக்குள் முக்கியமாக 2 ஷாஃப்ட்டுகள் இருக்கின்றன. ஒன்று கிளட்ச் வழியாக இன்ஜினோடு சேர்ந்தது. இன்னொன்று செயின் வழியாகப் பின்சக்கரத்தோடு சேர்ந்தது. வண்டி நிற்கும்போது பின்சக்கரம் நிற்கிறது, அதனால் இரண்டாவது ஷாஃப்ட்டும் நிற்கிறது. ஆனால் இன்ஜின் ஓடுவதால் முதல் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கிளட்ச்சைப் பிடித்ததும் அந்தச் சுற்றல் உடனே நின்றுவிடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். தட்டுகள் பிரிந்தாலும், நடுவில் இருக்கும் ஆயில் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் கியர் போட்டால், சுற்றும் பாகத்தையும் நிற்கும் பாகத்தையும் ஒரே நொடியில் கோர்க்கிறோம். ஒன்றின் பக்கவாட்டில் இருக்கும் முட்டுகள் இன்னொன்றின் பள்ளத்தில் போய் மோதி உட்காருகின்றன. அந்த மோதல்தான் 'டக்'. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சத்தம் கூடுதலாகக் கேட்பதும் இதனால்தான்.

சரி, இதில் ஹோண்டா எங்கே வருகிறார்?

யார் இந்த சொய்சிரோ ஹோண்டா?

1906-ம் ஆண்டு நவம்பர் 17. ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில், ஹமாமட்சு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கிஹெய் ஒரு கொல்லர், சைக்கிள் பழுதும் பார்ப்பார். அம்மா மிகா நெசவு செய்வார். பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த பையன். ஊருக்குள் முதல் முறையாக ஒரு கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடி, தரையில் சொட்டிய ஆயிலை மோந்து பார்த்த சிறுவன் அவர்.

படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. 1922-ல் பள்ளி முடித்ததும் டோக்கியோவுக்குக் கிளம்பி, 'ஆர்ட் ஷோகாய்' என்ற கார் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தார். ஸ்பேனர் பிடிக்கலாம் என்று போனவருக்கு ஆரம்பத்தில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! பல மாதம் பொறுத்திருந்த பிறகுதான் கையில் கருவி வந்தது. 6 வருடம் வேலை கற்று, 1928-ல் ஹமாமட்சுவில் அதே கடையின் கிளையைத் தொடங்கினார்.

வேகத்தின் மீது தீராத வெறி. 1936-ல் டோக்கியோ அருகே தமகாவா பந்தயத்தில் தானே கார் ஓட்டி, விபத்தில் படுகாயம் அடைந்தார். உடன் வந்த தம்பிக்கும் பலத்த காயம்.

50-க்கு 3 மார்க்!

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கினார். இதுதான் அவர் வாழ்க்கையில் விழுந்த பெரிய அடி. டொயோட்டாவின் தரச் சோதனைக்குப் போன 50 ரிங்குகளில் 3 மட்டும்தான் தேறின. கை வேலை தெரிந்தால் போதும், படிப்பு எதற்கு என்று இருந்தவருக்கு, உலோகம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று இந்தத் தொழிலில்தான் புரிந்தது.

கடைக்கு முதலாளியாக இருந்துகொண்டே, தன்னைவிட பல வயது சின்னப் பையன்களோடு தொழிற்கல்லூரி வகுப்பில் போய் உட்கார்ந்தார். பட்டம் வாங்கவில்லை, தேவையான பாடம் மட்டும் படித்துக்கொண்டு வந்தார். ரிங்கும் சரியாக வந்தது.

ஆனால் போர் விடவில்லை. ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சில் சேதமானது. இன்னொன்று 1945 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்தது. மிச்சத்தை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா இருந்தார்.

மனைவி சொன்ன குறை

1946 அக்டோபர். ஹமாமட்சுவில் ஒரு சின்னக் கொட்டகையில் மறுபடியும் தொடங்கினார். போரில் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்த சின்ன இன்ஜின்கள் வீணாகக் கிடந்தன. அவற்றை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். முதல் முயற்சியில் பெட்ரோல் டேங்காக இருந்தது, குளிருக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பாத்திரம்!

பஸ், ரயில் எல்லாம் பிதுங்கி வழிந்த காலம் அது. சாப்பாட்டுப் பொருள் தேடி வெகுதூரம் சைக்கிள் மிதித்த மனைவி சச்சியின் கஷ்டமும் இந்த யோசனைக்கு ஒரு காரணம். அந்த வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவர்களில் சச்சியும் ஒருவர். திரும்பி வந்து அவர் சொன்ன குறை: உடை முழுக்க ஆயில். பிடிவாதக்காரரான ஹோண்டா அந்தக் குறையை ஏற்றுக்கொண்டார். ஓட்டுறவருக்கு எது தொல்லையோ அதைச் சரிசெய்யணும் என்ற எண்ணம் இங்கேயே தொடங்கிவிட்டது.

முதல் முயற்சி, பாதி வெற்றி

1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. 1949-ல் வந்தது 'ட்ரீம் டி'. 98 சிசி, 2 கியர். அதில் ஒரு விசேஷம், கையால் பிடிக்கும் கிளட்ச் லீவர் கிடையாது! காலால் மட்டும் கியர் மாற்றலாம். கிளட்ச் பிடிக்கத் தெரியாதவர்களும் பைக் ஓட்டணும் என்பதுதான் நோக்கம்.

ஆனால் ஒரு சிக்கல். முதல் கியரில் போகும் வரை காலால் பெடலை அமுக்கியே வைத்திருக்கணும். மேடு ஏறும்போது கால் வலி எடுத்துவிடும். எளிதாக்கப் போய் புதுத் தொல்லை வந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. விற்பனையும் நினைத்தபடி போகவில்லை.

அதே 1949-ல்தான் டக்கேயோ ஃபுஜிசாவா கம்பெனிக்குள் வந்தார். ஹோண்டா இன்ஜினைப் பார்த்துக்கொண்டார், ஃபுஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். இந்தக் கூட்டணி கடைசி வரை உடையவில்லை.

1958: ஒரு கையால் ஓட்டும் வண்டி

1956 இறுதியில் இருவரும் ஐரோப்பா போனார்கள். அங்கே மொபெட், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஜப்பானின் கரடுமுரடான சாலைக்கு எதுவும் ஒத்துவராது என்று இருவருக்கும் தோன்றியது. 50 சிசியில் எல்லோரும் ஓட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று ஃபுஜிசாவா வற்புறுத்தினார்.

ஹோண்டா மனதில் ஒரு ஆள் இருந்தார். நூடுல்ஸ் கடை டெலிவரிக்காரர். ஒரு கையில் தட்டு, தட்டில் கிண்ணங்கள், மறு கையில் வண்டியின் ஹேண்டில். அவர் ஓட்ட முடிந்தால் யாரும் ஓட்டலாம். அப்படியென்றால் இடது கைக்கு வேலையே இருக்கக் கூடாது.

விடை மைய விலக்கு விசையில் கிடைத்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் தானாகவே பிரிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு கிளட்ச் மெல்லப் பிடிக்கும். வண்டி அலுங்காமல் கிளம்பும். ஓடும்போது கியர் மாற்றணுமா? காலால் பெடலை அமுக்கினாலே முதலில் கிளட்ச் பிரியும், பிறகு கியர் மாறும். பெடலை அமுக்கியே வைத்திருக்கத் தேவையில்லை. 1949-ன் கோளாறு தீர்ந்தது.

மைய விலக்கு கிளட்ச் ஹோண்டாவின் கண்டுபிடிப்பு இல்லை, அது முன்பே இருந்தது. அதை 3 கியர் பாக்ஸோடும் கால் பெடலோடும் இணைத்து, சாதாரண ஆளின் கைக்குக் கொண்டு வந்ததுதான் சாதனை. இளம் இன்ஜினியர்கள் செய்து செய்து பார்த்த வேலை அது. இண்டிகேட்டர் ஸ்விட்சைக் கூட வலது பக்கம் வைத்தார்கள், இடது கை ஃப்ரீயாக இருக்கட்டும் என்று!

1958 ஆகஸ்ட்டில் 'சூப்பர் கப்' வந்தது. 49 சிசி, 4 ஸ்ட்ரோக், விலை 55,000 யென். மாதத்துக்கு 30,000 விற்கும் என்று ஃபுஜிசாவா சொன்னபோது கம்பெனியிலேயே பலர் நம்பவில்லை. ஆனால் 1960-ல் இந்த வண்டிக்காகவே சுசுகாவில் பெரிய தொழிற்சாலை கட்ட வேண்டியிருந்தது. 2017-ல் இந்தக் குடும்ப வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் அதிகம் தயாரான மோட்டார் வாகனம் இதுதான்.

மலேசியாவில் நம் தமிழர்கள் உட்பட எல்லோரும் 'கப்சாய்' என்று கூப்பிடும் வண்டி இந்த வகைதான். இந்தியாவில் 'ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்' இதே பாணியில் வந்தது. ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் 2009-ல் கிளட்ச் லீவர் இல்லாத 'ஜைவ்' பைக்கை விட்டுப் பார்த்தது. இரண்டும் இங்கே பெரிதாக எடுபடவில்லை. ஆனால் இன்று தெருவெங்கும் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்குள் இருப்பதும் அதே மைய விலக்கு கிளட்ச்தான்.

கோபக்காரர், பிடிவாதக்காரர்

ஹோண்டா ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. பட்டறையில் தப்பு நடந்தால் கத்துவார், கையில் கிடைத்ததை எறிவார். 1960-களின் கடைசியில் காற்றால் குளிரும் இன்ஜின்தான் சிறந்தது என்று விடாப்பிடியாக நின்றார். தண்ணீரால் குளிர்விக்கணும் என்று இளம் இன்ஜினியர்கள் போராடினார்கள். கடைசியில் ஃபுஜிசாவா எடுத்துச் சொன்ன பிறகு வழிவிட்டார். அந்த இளைஞர்கள் செய்த இன்ஜின்தான் பிறகு சிவிக் காரைப் புகழ்பெற வைத்தது.

1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாகவே பதவி விலகினார்கள். மகனுக்கு நிறுவனத்தில் இடம் கொடுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய், தொழிற்சாலை ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் நேரில் நன்றி சொன்னார்.

1991 ஆகஸ்ட் 5. 84 வயதில் காலமானார். நிறுவனம் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். காரணம்? கூட்டம் கூடி டிராஃபிக் ஜாம் ஆகுமாம். வண்டி செய்து வாழ்ந்தவர், கடைசியிலும் சாலையில் போகிறவர்களைத்தான் நினைத்தார்.

சரி, நம்ம பைக்குக்கு என்ன வழி?

நம்மில் பலர் ஓட்டுவது கிளட்ச் லீவர் உள்ள பைக்தான். சிக்னலில் ஸ்மூத்தாகக் கிளம்ப இதைச் செய்து பாருங்க:

- கிளட்ச்சை முழுசாகப் பிடிங்க. பாதி பிடிப்பு போதாது.
- பிடித்ததும் ஒன்று, இரண்டு நொடி பொறுங்க. உள்ளே சுற்றும் ஷாஃப்ட் வேகம் குறையட்டும்.
- ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க. லீவரை உதைக்காமல், பாதத்தால் நிதானமாக அமுக்குங்க.
- கியர் விழவில்லையா? மிதிக்காதீங்க. முட்டுகள் நேருக்கு நேர் நிற்கின்றன என்று அர்த்தம். கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டுப் பிடிங்க, அல்லது வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்துங்க. உட்கார்ந்துவிடும்.
- வண்டி முழுசாக நிற்கும் முன்பே ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துவிட்டால் சத்தம் இன்னும் குறையும்.
- லேசான 'டக்' சகஜம். தினமும் பலமாக அடித்தாலோ, கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் இழுத்தாலோ, கிளட்ச் கேபிளின் தளர்வு, ஐட்லிங் வேகம், ஆயில் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்க.

அடுத்த முறை சிக்னலில் கியர் விழாமல் பின்னாடி ஹார்ன் கேட்டால் பதறாதீங்க. இரண்டு நொடி எடுத்துக்கோங்க. ஒரு கம்பெனியே இதைச் சரிசெய்ய 9 வருடம் எடுத்துக்கொண்டது!