எதிரியின் குழந்தைக்கும் மருந்து

இடம்பெயர்ந்த தாய்மார், சிசுக்களின் சுகாதாரம் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு எக்லன்டைன் ஜெப் நினைவுக்கு வருவார். 1876இல் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1913இல் பால்கன் யுத்தத்தால் இடம்பெயர்ந்தோருக்கான நிவாரணப் பணிக்காக மசிடோனியாவுக்குப் போனார்.

முதலாம் உலகப்போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பின்னரும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தது. ஒஸ்ரியாவில் தாய்மார் பட்டினி கிடந்தார்கள். பிள்ளைகள் வளர்ச்சி குன்றினார்கள். அப்படியொரு குழந்தையின் படத்துடன் இலண்டனில் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக 1919இல் ஜெப் கைதானார். தணிக்கை அனுமதி பெறவில்லை என்பதே குற்றம். அபராதம் 5 பவுண். அந்தத் தொகையை அவரிடம் கொடுத்தவர், அவருக்கு எதிராக வாதாடிய சட்டத்தரணி. அதே வருடம் தங்கை டொரத்தியுடன் சேர்ந்து சேவ் த சில்ட்ரன் நிதியத்தைத் தொடங்கினார்.

1923இல் 5 அம்சங்களில் சிறுவர் உரிமைப் பிரகடனத்தை வரைந்தார். பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்குப் பராமரிப்பு, இடர்க்காலத்தில் பிள்ளைகளுக்கே முதல் நிவாரணம்: இவை உலகத்தின் கடமை என்றது அது. மறுவருடம் சர்வதேச சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1928இல், 52 வயதில், ஜெப் ஜெனீவாவில் காலமானார்.

முகாமில் தன் பிள்ளைக்குத் தடுப்பூசி கேட்கும் தாய் யாரிடமும் தயவு கேட்கவில்லை. அதை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார்.