கப்பலில் வந்த நூல்கள்

1915ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று முதல் வகுப்பில் தேறிய வங்க இளைஞர் ஒருவர், விடுமுறைக்குத் தாயகம் திரும்பக் காத்திருந்தார். போரினால் கப்பல் புறப்படக் காலம் தாழ்ந்தது. அந்நாள்களைக் கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் கழித்த அவருக்கு, அவருடைய ஆசிரியர் மெக்காலே பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழின் தொகுதிகளைச் சுட்டிக்காட்டினார். அவ்விளைஞரே, 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

அவ்விதழின் ஆசிரியர் கார்ல் பியர்சன் என்னும் அறிஞர். உயிர்களைப் பற்றிய அளவுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து உண்மை காணும் முறைகளை அவ்விதழ் விளக்கியது. அது இயற்பியல் மாணவர்க்கு உரிய நூலன்று. எனினும் மகலனோபிஸ் அதில் உள்ளம் தோய்ந்தார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கினார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

தாயகம் திரும்பியவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். இந்தியாவில் புள்ளியியல் அப்போது தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. ஆகவே, தாம் கொணர்ந்த நூல்களையே அவர் ஆசானாகக் கொண்டார். பகலில் இயற்பியல் கற்பித்தார். எஞ்சிய பொழுதில் புள்ளியியல் கற்றார்.

அக்கல்வி மக்களின் துயர் தீர்க்கவும் பயன்பட்டது. 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதாகவும், எனவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர்கள் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். படுகை அவ்வாறு உயரவில்லை என்று எண்களால் மெய்ப்பித்தார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே தக்க வழி என்றார். ஊகத்தை நம்பிக் கரைகளை உயர்த்தியிருந்தால் பெரும்பொருள் வீணாகியிருக்கும்; வெள்ளமும் தடைப்பட்டிராது.

1931 டிசம்பர் 17 அன்று, கல்லூரியில் அமைந்த அவருடைய சிறிய ஆய்வுக்கூடத்திலிருந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. கணித அறிஞரான ராஜ் சந்திர போஸை அவர் அங்குப் பணியாற்ற அழைத்தார். தாம் புள்ளியியல் கற்றதில்லை என்று போஸ் தயங்கினார். மகலனோபிஸோ பயோமெட்ரிகா தொகுதிகளையும், படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலையும் அவருக்கு அளித்தார். போஸும் அவற்றைக் கற்று, உலகம் போற்றும் புள்ளியியல் அறிஞரானார்.

1933இல் மகலனோபிஸ் சங்க்யா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். எண்ணையும் தெளிந்த அறிவையும் ஒருசேர நினைவூட்டும் வடமொழிப் பெயர் அது. தமிழிலும் எண்ணுதல் என்னும் ஒரே சொல், கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் குறிப்பது நாம் அறிந்ததே. பிறநாட்டு இதழைப் படித்துக் கற்றவர், பிறநாட்டாரும் படிக்கும் இதழைத் தம் நாட்டில் உருவாக்கினார்.

1937இல் வங்கத்தின் சணல் விளைச்சலை அறியும் பணியை அவர் மேற்கொண்டார். வயல்கள் அனைத்தையும் அளப்பதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகத் தேவை. எனவே, சில வயல்களை மட்டும் அளந்து முழுமையை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பைக் கையாண்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு வழக்கு. ஆனால், பானையின் அடியிலுள்ள சோறு குழைந்தும் மேலுள்ள சோறு வேகாமலும் இருக்கலாம் அன்றோ? அதுபோலச் செழித்த வயல்களை மட்டும் தேர்ந்தால் கணக்குப் பொய்த்துவிடும். ஆதலின், விருப்பு வெறுப்பின்றி வயல்களைத் தேர்ந்தெடுப்பதே இம்முறையின் உயிர்நாடியாகும். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் அவர் முயற்சியால் அமைந்ததே.

மகலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று மறைந்தார். அவர் பிறந்த நாள், 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நூல்களை விரும்பி வாங்குவோர் பலர். கற்றுத் தேர்வோர் சிலர். கற்றபின் அவற்றைப் பிறர் கையில் சேர்த்து, அவரையும் அறிஞராக்குவோர் மிகச் சிலரே. மகலனோபிஸ் அம்மிகச் சிலருள் ஒருவர்.

சொற்பொருள்
தோய்தல் – ஆழ்ந்து ஈடுபடுதல்
படுகை – ஆற்றின் அடிநிலம்
ஊகம் – சான்றின்றிக் கருதுதல்

சிந்தித்து எழுதுக
உங்கள் பள்ளி மாணவர்கள் வீட்டில் எந்தெந்த மொழிகளைப் பேசுகின்றனர் என்று அறிய வேண்டும். 20 பேரை மட்டுமே வினவ இயலும். அவர்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பீர்கள்? தமிழ் வகுப்பு நண்பர்களை மட்டும் வினவினால் என்ன பிழை நேரும்?