ரேடியோ ரிப்பேர்காரர் ராஜா ஆனார்!

ஒரே தாளம். ஒரே வாத்திய இசை. அதன்மேல் பத்துப் பாடகர்கள் பத்து விதமாகப் பாடுகிறார்கள். பத்தும் சேர்ந்து ஒரே இசைத்தட்டாக வெளிவருகிறது!

கியூபாவுக்குத் தெற்கே இருக்கும் ஜமைக்கா தீவில் இது சர்வ சாதாரணம். அந்தத் தீவின் சங்கீதத்துக்கு "ரெகே" என்று பெயர். இந்த வித்தைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், ஒரு ரேடியோ ரிப்பேர்காரர்!

அவர் பெயர் ஆஸ்பர்ன் ருடாக். 1941 ஜனவரி 28-ந் தேதி ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்தார். "கிங் டப்பி" என்றால்தான் ஊருக்குத் தெரியும். கிங் என்றால் ராஜா அல்லவா?

தெருவில் கச்சேரி

ஏழை மக்கள் வாத்திய கோஷ்டியை அமர்த்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து, இசைத்தட்டு போட்டு ஆடினார்கள். டப்பியும் சொந்தமாக ஒரு ஒலிபெருக்கி செட் அமைத்தார்.

டியூக் ரீட் என்ற இசைத்தட்டு முதலாளியிடம் தட்டுப் பதியும் வேலையும் பார்த்தார். அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டார். பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்துவிட்டால் தாளம் மட்டும் மிஞ்சும். அந்த வெறும் தாளத்துக்கே கூட்டம் துள்ளிக் குதித்தது! யூ ராய் என்பவர் மைக்கைப் பிடித்து, தாளத்தோடு பேசிப் பேசியே பாடினார்.

குளியலறையில் பாட்டு

வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பேட்டையில், தாயார் வீட்டிலேயே டப்பி ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். பாடகர் நின்று பாடிய இடம் எது தெரியுமா? குளியலறை!

வேறொரு கூடம் கழித்துவிட்ட இயந்திரத்தை வாங்கினார். தாளத்தை உயர்த்தினார், குரலைச் சட்டென்று நிறுத்தினார், எதிரொலி சேர்த்தார். பழைய பாட்டு புதுப் பாட்டு ஆனது! அதற்கு "டப்" என்று பெயர்.

இதில் ஏழைப் பாடகனுக்கு ஒரு லாபம். கோஷ்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தயாராக இருக்கும் தாளத்தில் பாடிவிடலாம். ஆனால், அந்தத் தாளத்தை முதலில் வாசித்தவருக்குப் பெரும்பாலும் அன்றைய கூலியோடு சரி!

1974-ல் ரூபி எட்வர்ட்ஸ் என்பவர் ஒரே தாளத்தில் ஒரு முழு இசைத்தட்டே வெளியிட்டார். 1985-ல் டப்பியின் சீடர் ஜம்மி, "ஸ்லெங் டெங்" என்ற தாளத்தைக் கொண்டுவந்தார். சின்ன மின்சார வாத்தியப் பெட்டியில் பிறந்த தாளம் அது. பாடகர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்து பாடினார்கள்.

வீட்டு வாசலில்...

1989 பிப்ரவரி 6-ந் தேதி. வேலை முடித்து வீடு திரும்பிய டப்பியை, வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 48. கொலையாளி பிடிபடவே இல்லை.

ராஜா போய்விட்டார். அவர் காட்டிய வழியில் ஒரே தாளம் இன்றும் பல பேருக்குச் சோறு போடுகிறது!