கானகம் சூழ்ந்த கற்கோயில்

ஒருவர் செய்யாத செயல் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொள்வதும், செய்த அரிய செயல் அதன் நிழலில் மறைந்துபோவதும் வரலாற்றில் நிகழ்வதுண்டு. கம்போடியக் காட்டினுள் அங்கோர் நகரைக் கண்டுபிடித்தவர் என நெடுங்காலம் புகழப்பட்ட ஆன்ரி மூவோவின் வாழ்க்கை அத்தகையது.

இளமையும் பயண வேட்கையும்

ஆன்ரி மூவோ, பிரான்சு நாட்டின் மோன்பெலியார் நகரில் 1826 மே 15ஆம் நாள் பிறந்தார். இளம் வயதிலேயே உருசியாவுக்குச் சென்று மொழி கற்பித்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்தபின் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சுற்றிவந்தார். அக்காலத்தில் புதிதாகத் தோன்றியிருந்த ஒளிப்படக் கலையையும் பயின்றார். ஆப்பிரிக்கப் பயணி முங்கோ பார்க்கின் உறவினரான ஆன் என்பவரை மணந்து, ஆங்கிலக் கால்வாயிலுள்ள செர்சித் தீவில் குடியேறினார். பறவைகளும் பூச்சிகளும் சிப்பிகளும் அவருடைய ஆய்வுப்பொருள்களாயின.

சியாம் நாட்டைப் பற்றி 1857இல் வெளிவந்த நூலொன்று அவருள்ளத்தில் கீழைநாட்டு ஆசையை விதைத்தது. இன்றைய தாய்லாந்தே அன்றைய சியாம். தாய்நாட்டில் பயணத்திற்கு ஆதரவு கிட்டவில்லை. இலண்டனில் இயங்கிய அரச புவியியல் கழகமும் விலங்கியல் கழகமும் அவரை ஊக்குவித்தன. மனைவியைப் பிரிந்து, 1858 ஏப்ரலில் இலண்டனிலிருந்து கப்பலேறிய மூவோ, அவ்வாண்டு செப்டம்பரில் பாங்காக்கை அடைந்தார்.

அங்கோரில் மூன்று வாரங்கள்

பாங்காக்கைத் தளமாகக் கொண்டு மூவோ நான்கு பயணங்களை மேற்கொண்டார். அட்டையும் கொசுவும் மலிந்த காடுகளில், உள்ளூர்ப் பணியாளர் சிலரும் சிறு நாயொன்றுமே அவருக்குத் துணை. அரிதின் முயன்று திரட்டிய உயிரினத் தொகுப்பொன்று, அதனை ஏற்றிச்சென்ற கப்பலோடு கடலில் மூழ்கியது. எனினும் அவர் சேகரிக்கும் பணியைக் கைவிடவில்லை.

1860 சனவரியில், பட்டம்பாங் நகரில் வாழ்ந்த கிறித்தவ சமயப் பணியாளர் ஒருவருடன் படகேறித் தோன்லே சாப் ஏரியைக் கடந்து அங்கோரை அடைந்தார். பூச்சிகளைத் தேடிவந்த அவர், வானளாவிய கோபுரங்களைக் கண்டு வியந்து நின்றார். வியப்போடு நில்லாமல் மூன்று வாரங்கள் அங்கேயே தங்கினார். நடைபாதைகளையும் மண்டபங்களையும் அளந்தார். புடைப்புச் சிற்பங்களைக் கூர்ந்து நோக்கினார். கண்டவற்றையெல்லாம் எழுதியும் வரைந்தும் வைத்தார். பாற்கடல் கடைதலும் குருச்சேத்திரப் போரும் இலங்கைப் போரும் அங்கோர்வாட்டின் சுற்றுச்சுவர்களில் நீண்ட காட்சிகளாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இக்கோயிலைக் கட்டியவர் யார் என ஊர்மக்களிடம் அவர் வினவினார். தேவர்களின் அரசன் என்றனர் சிலர்; அரக்கர் என்றனர் வேறு சிலர். இவ்விடைகளால் நிறைவடையாத மூவோ, கோயில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது எனவும் கெமர் மக்களுக்கு முந்தைய இனத்தவர் படைத்தது எனவும் கருதினார். அக்கருத்து பிழையானது. அங்கோர்வாட், கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய கோயில் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் நிறுவின. அந்நாட்டின் வரலாற்றைத் துலக்கியவை வடமொழியிலும் கெமர் மொழியிலும் அமைந்த கல்வெட்டுகள். அக்கல்வெட்டுகளின் எழுத்து, பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

பணியாளர் காத்த செல்வம்

மூவோவின் இறுதிப் பயணம் இலாவோசு நாட்டை நோக்கியது. 1861 சூலையில் லுவாங் பிரபாங்கை அடைந்து, அதனைச் சூழ்ந்த காடுகளில் உயிரினங்களைத் தேடினார். அக்டோபரில் கடுங்காய்ச்சல் பற்றியது. கை தளரும்வரை நாட்குறிப்பை எழுதிய அவர், நவம்பர் 10ஆம் நாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 35.

அவருடைய பணியாளர்களான பிராய், தெங் ஆகிய இருவரும் நாம் கான் ஆற்றங்கரையில் அவரை அடக்கம் செய்தனர். பிறகு அவருடைய நாட்குறிப்புகளையும் தொகுப்புகளையும் நெடுந்தொலைவு சுமந்து பாங்காக்கில் சேர்ப்பித்தனர். அவ்விருவரும் அவற்றைக் காட்டில் விட்டுச் சென்றிருந்தால், மூவோவின் மூன்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி அழிந்திருக்கும். நாட்குறிப்புகள் 1863இல் பிரெஞ்சு இதழொன்றில் வெளிவந்தன; அடுத்த ஆண்டு, அவருடைய உடன்பிறந்தார் சார்லசின் முயற்சியால் ஆங்கில நூலாகவும் வந்தன. அவற்றைப் படித்த ஐரோப்பா அங்கோரை நோக்கித் திரும்பியது.

புகழும் உண்மையும்

கம்போடியா பிரான்சின் ஆதிக்கத்திற்குள் வந்ததும் அதே 1863ஆம் ஆண்டில்தான். காட்டில் மறைந்துகிடந்த நகரை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார் என்னும் கதை ஆட்சியாளருக்கு உவப்பாயிற்று. மூவோ அப்படி உரிமை கொண்டாடியதில்லை. 1296ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்த சீனத் தூதர் சூ தாகுவான், மக்கள் நிறைந்த அதன் வாழ்வை எழுதிவைத்தார். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்குச் சென்றனர். மூவோவுக்குப் பத்தாண்டுகளுக்கு முன் பூய்வோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரும் அதனைக் கண்டார். எல்லாவற்றிற்கும் மேலாக, பௌத்தத் துறவியரும் சுற்றுப்புற மக்களும் அங்கோர்வாட்டில் வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தி வந்தனர். அவர்களுக்கு அக்கோயில் என்றும் தொலைந்துபோனதில்லை.

மூவோவின் கல்லறைமீது 1867இல் பிரெஞ்சு ஆய்வுக்குழுவினர் நினைவுச்சின்னம் எழுப்பினர். காலப்போக்கில் அதனையும் காடு மூடியது. 1990இல் அது மீண்டும் கண்டறியப்பட்டது. ஆசியக் காடுகளில் வாழும் ஆமை இனமொன்று அறிவியலில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கோர் 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கோர்வாட்டின் கோபுரங்கள் கம்போடிய நாட்டுக் கொடியை அணிசெய்கின்றன.

பலர் கண்டு சென்ற கோயிலை நின்று நோக்கி, அளந்து, எழுதிவைத்ததே மூவோவின் தொண்டு. அவ்வெழுத்தை அழியாமல் காத்துக் கொணர்ந்தது பிராய், தெங் என்னும் இருவரின் தொண்டு. கண்டுபிடித்தவர் என்னும் பட்டத்தை நீக்கிய பின்னும் குறையாமல் நிற்பது இவ்வுழைப்பே.